விட்டு வைக்காத கோழி

பாய்,

புது அடுப்பின் முதல் தீக்கு ஒரு நாற்றம் உண்டு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் தடவி அனுப்புகிற எண்ணெய் எரிகிற நாற்றம் அது. போன சனிக்கிழமை என் மகன் கோயம்புத்தூரிலிருந்து காரில் ஒரு கேஸ் கிரில்லை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவும் கடந்து இந்தக் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தான். வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் அதை வைத்துப் பூட்டி, ட்யூப் மாட்டி, மேலே ஒன்றும் வைக்காமல் கால் மணி நேரம் எரியவிட்டான். அப்படிச் செய்யச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம்.

நாற்றம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து, மிளகுக்கொடி ஏறியிருக்கிற சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். புகை ஒத்துக்கொள்ளவில்லையா என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்வது? ஏழு வருஷத்துக்கு முன்னால் செம்மேட்டில், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இதே நாற்றத்தில் நீங்கள் ஈரச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்ததும் சேர்ந்தே தெரிந்தது.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை நேரில் பார்க்கிற ஆளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இருக்கும்போது எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும் விஷயம் இது. இப்போது பக்கம் பக்கமாக எழுதினாலும் முடியாது போலிருக்கிறது.

தொண்ணூற்றேழில் விவசாய அலுவலகத்து எழுத்தராக எனக்கு இந்த மலைக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கும்பகோணத்துப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். வந்த முதல் மாதம் நான் வாந்தி எடுக்காமல் பஸ் மேலே ஏறியதில்லை. ஒரு நாள் பக்கத்து சீட்டில் இருந்தவர், பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, சின்னக் கத்தியால் பாதியாக நறுக்கி என் கையில் வைத்தார். அது நீங்கள்தான். “மோந்துக்கிட்டே வாங்க சார். வளைவை எண்ணாதீங்க, எண்ணுனா இன்னும் சாஸ்தியா வரும்.” நான் எண்ணிக்கொண்டு வந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். உதடு அசைந்ததாம்.

அப்படித்தான் பழக்கம். நீங்கள் சேந்தமங்கலத்திலிருந்து புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மேலே வருவீர்கள். மிளகும் காப்பிக்கொட்டையும் பார்த்து விலை பேசி முடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் இறங்குவீர்கள். ஒரு புதன்கிழமை மத்தியானம் பஸ் வராமல் போய், நான் உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். அன்றைக்கு என் மனைவி கோழிக்குழம்பு வைத்திருந்தாள். நீங்கள் ரசம் மட்டும் போதும் என்றீர்கள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. நம் வீட்டில் கை நனைக்க யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். நீங்கள் அதைக் கண்டுகொண்டீர்கள். “சமைச்ச கையில ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. உயிர் போறப்ப ஆண்டவன் பேரைச் சொல்லி அறுக்கோணும், எங்களுக்கு அவ்வளவுதான். அடுத்த தடவை அறுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே அறுத்துத் தாரேன்” என்றீர்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் புதன்கிழமைக் கோழி என்று ஒன்று வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையே வாங்கி, மூங்கில் கொடாப்பைக் கவிழ்த்து அதற்குள் விட்டு வைப்போம். நீங்கள் வந்து கை கால் கழுவுவீர்கள். எலுமிச்சம்பழம் நறுக்குகிற கத்தி வேறு, இந்தக் கத்தி வேறு. இது பையின் அடியில் நியூஸ் பேப்பரில் சுற்றியிருக்கும். கோழிக்கு முதலில் தண்ணீர் காட்டுவீர்கள், அது குடிக்கும்வரை பொறுத்திருப்பீர்கள். என் மனைவிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆயுள் முழுக்கக் கோழி தின்கிறோம், ஒரு நாளாவது அதுக்குத் தாகம் எடுக்குமென்று நமக்குத் தோன்றியதா என்று என்னைக் கேட்டாள். நீங்கள் வராத வாரங்களில் கோழிக்கு ஒரு வாரம் ஆயுள் கூடும். பாய் வராவிட்டால் கோழிக்குப் பெருநாள் என்று அவள் உங்களிடமே சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூட நீங்கள் இல்லாமல் அறுத்த கோழியை நாங்கள் உங்கள் தட்டில் வைத்ததில்லை. அதை ஒரு விரதம் மாதிரி காத்தது நான்தான் என்று இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டில் உங்கள் தம்பி சவூதியிலிருந்து வந்தபோது அந்த கேஸ் கிரில்லைக் கொண்டு வந்தார். உங்கள் தெருவீட்டில் அதை வைக்க இடம் இல்லை. அந்த இரும்புப் பெட்டி ஊட்டுக்குள்ள வந்தா நான் வெளியே போயிருவேன் என்று உங்கள் வீட்டம்மா சொல்லிவிட்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். வாழைத்தார் ஏற்ற மேலே வருகிற லாரியில் போட்டு என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். சாருக்கு வாசல் பெரிசு, இது இங்கயே இருக்கட்டும் என்றீர்கள்.

அந்தப் பெட்டியோடு ஒரு பை நிறையக் கல் வந்தது. தீக்கு மேலே பரப்புகிற எரிமலைக் கல்லாம். கடல் தாண்டி, விமானம் ஏறி, லாரி ஏறி கொல்லிமலைக்குக் கல் வந்திருக்கிறது என்று என் மனைவி அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். எங்கள் அலுவலகக் காவலாளி வெள்ளையன் இந்த மலையிலேயே பிறந்தவன். அவன் ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல கல் எங்க காட்டுலயே கெடக்குதுங்களே என்றான்.

நீங்களும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பூட்ட உட்கார்ந்தோம். செய்முறைப் புத்தகம் பாதி இங்கிலீஷ், பாதி அரபி. எனக்கு இங்கிலீஷ் கோப்பு எழுதுகிற அளவுக்குத்தான் வரும். அரபியை நீங்கள் கடகடவென்று வாசித்தீர்கள். ஒரு பக்கம் முழுக்க வாசித்து முடித்ததும், என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். “வாசிக்கத்தானுங்க தெரியும். அர்த்தம் ஆருக்குத் தெரியும்?” என்றீர்கள். அடுப்புப் புத்தகம்தான் என்றாலும் ஓதுகிற எழுத்தாயிற்றே என்று அதைத் தரையில் போட மனமில்லாமல் ஜன்னல் மேலே வைத்தீர்கள். படத்தைப் பார்த்தே பூட்டி முடித்தோம். கடைசியில் மூன்று போல்ட் மிச்சம் வந்தது. அது உபரியாகக் கொடுத்தது என்று நான் சொன்னேன், எங்கேயோ விட்டுவிட்டோம் என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

எல்லாம் ஆன பிறகுதான் தெரிந்தது, நம் ஊர் ட்யூப் அதில் ஏறவில்லை. சவூதிக்காரன் முனையில் மரை வைத்திருந்தான். அதில் திருகி நம் ட்யூப்பைச் செருக ஒரு பித்தளை முனை வேண்டும். நீங்கள் நூலால் அளவெடுத்துக்கொண்டு, கீழே லேத் பட்டறையில் கடைந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றீர்கள்.

நான் அத்தோடு இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அலுவலகத்தில் எல்லோரிடமும் கேஸ் தீயில் கோழி வாட்டப் போகிறோம் என்று பெருமை அடித்துக்கொண்டேன். புதிதாக வந்திருந்த அதிகாரி, அப்படியானால் நானும் வருகிறேனே என்றார். அவர் வந்தால் அலுவலகத்தில் மற்ற இருவரும் குடும்பத்தோடு வராமல் இருப்பார்களா? நாலு கோழி வாங்கிக் கொடாப்பில் விட்டேன். முதல் பஸ்ஸிலேயே வந்து நாலையும் அறுத்து மசாலா தடவித் தருகிறேன் என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள்.

சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பத்தெட்டாவது வளைவில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று சேதி வந்தது. பத்து மணி, பதினொரு மணி ஆயிற்று. விருந்தாளிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி மூன்று மணிக்கு ஜீப்பில் கிளம்ப வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அடுப்பிலும் முனை இல்லை, நீங்களும் இல்லை. அவர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பார், நான் பத்து தடவை ரோட்டைப் பார்ப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் வெள்ளையனைக் கூப்பிட்டு நாலையும் அறுத்துவிடச் சொன்னேன். நீங்கள் வந்து அறுத்து, உரித்து, மசாலா ஊறி, எப்போது வாட்டுவது என்று கணக்குப் போட்டேன். வெள்ளையன் கொடாப்புப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். “பாய் வாராருங்களே சார். ஒண்ணே ஒண்ணை வுட்டு வெச்சரலாமுங்களா?”

அவன் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம். நாலில் மூன்றை அறுத்தால் எல்லோருக்கும் தாராளமாகப் போதும். ஒன்று கொடாப்பிலேயே கிடந்திருக்கும். நீங்கள் வந்ததும் உங்கள் கையால் அறுத்திருப்பீர்கள், கொஞ்சம் நேரம் கழித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு, காவலாளி என்னிடம் யோசனை சொல்கிறானே என்றுதான் பட்டது. அதிகாரி காதில் விழுந்துவிடப் போகிறதே என்றும் இருந்தது. சொன்னதைச் செய் என்று அவன் மேல் பாய்ந்தேன். அவன் நாலையும் அறுத்தான்.

ஒன்றரை மணிக்கு நீங்கள் வந்தீர்கள். பாறை சரிந்த இடத்தில் இறங்கி, பன்னிரண்டு வளைவும் மழையில் நடந்தே ஏறி வந்திருக்கிறீர்கள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பித்தளை முனையை மட்டும் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தீர்கள். தலையைக்கூடத் துவட்டாமல் அதைத் திருகினீர்கள். சமையலறையில் இருந்த சிலிண்டரை வாசலுக்கு உருட்டி வந்தோம். நீங்கள் சோப்புத் தண்ணீரைக் குழைத்து இணைப்பில் தடவினீர்கள். குமிழி வருகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்த்தோம், அதிகாரியும்தான். குமிழி வரவில்லை. நீங்கள் தீக்குச்சியைக் கிழித்தீர்கள். தீ நீலமாக ஒரு வரிசையில் ஓடியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நாற்றம் வந்ததும் அதிகாரி மூக்கைப் பொத்தினார். கேஸ் கசிகிறதோ என்று நான் பயந்தேன். “எண்ணெய்ங்க. போயிரும்” என்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

பிறகு நீங்கள் கொடாப்பைப் பார்த்தீர்கள். அது சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், கோழி எங்கே என்று கேட்டீர்கள்.

பாய், அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிஷம் இருந்தது. நேரமாகிவிட்டது, அறுத்துவிட்டோம், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வளைவு நடந்து வந்த மனிதருக்கு ரசமா என்று இருந்தது. நீங்கள் சாப்பிட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். “கீழேர்ந்து உங்க ஆளு ஒருத்தர் மிளகு பார்க்க வந்திருந்தார் பாய். அவரையே அறுத்துத் தரச் சொல்லிட்டேன்.”

ரோடு அடைத்துக் கிடக்கும்போது அவர் எப்படி வந்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கே அது உறைத்து, முந்தின நாளே வந்து தங்கியிருந்தாராம் என்று ஒட்டுப் போட்டேன். யாரென்று கேட்டீர்கள். பேர் தெரியவில்லை, ராசிபுரம் பக்கம் என்றேன். மிளகு வாங்க மலைக்கு வருகிற அத்தனை பேரையும் உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். “அப்பச் சரிங்க. நீங்க சொன்னாச் சரிதான்” என்றீர்கள்.

வாட்டியதெல்லாம் நீங்கள்தான். எனக்கு அந்தக் கம்பியில் எதைத் திருப்புவது என்றே தெரியவில்லை. முதல் தொடையை நான் உங்கள் தட்டில் வைத்தேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட்டீர்கள். நல்லாயிருக்குதுங்க என்றீர்கள். சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அதிகாரி என்ன பாராட்டினார் என்பது நினைவில் இல்லை. அவரும் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்காகத்தான் இத்தனையும்.

எல்லோரும் போன பிறகு அவள் சத்தம் போடவில்லை. அந்த மனுஷன்கிட்டப் போயி பொய் சொன்னீங்களே என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

புதன்கிழமைக்குக் கோழி வாங்கி விட்டிருந்தோம். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே ஆரம்பித்தீர்கள். நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டினீர்களாம். கொழுப்பு கூடியிருக்கிறதாம், கறி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். “இனிமே நமக்குக் கெழங்குதானுங்க” என்று சிரித்தீர்கள். கொடாப்பிலிருந்த கோழிக்கு அன்றைக்கு ஆயுள் கூடியது. நானோ, சொல்கிறேன் கேளுங்கள், நிம்மதியாக மூச்சு விட்டேன். இனிமேல் கோழி பற்றிப் பேச்சே வராது, நான் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன்.

ஆறு வருஷம், பாய். நான் ஓய்வு பெற்று, இதே மலையில் அரியூர் நாட்டில் இந்தக் கொஞ்சம் நிலத்தை வாங்கி வீடு கட்டியபோதும் அந்தக் கிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்கு யார் வந்தாலும் வாட்டித் தருகிறவர் நீங்கள். எங்களுக்குக் கோழி, உங்களுக்கு அந்தக் கம்பியின் ஒரு ஓரத்தில் வாழையிலை போட்டு அதன்மேல் மரவள்ளிக்கிழங்கு. என் மனைவி உங்களுக்காக உப்பும் காந்தாரி மிளகாயும் இடித்து வைப்பாள். நாங்கள் தின்பதைப் பார்த்து ஒரு நாளும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. டாக்டர் இன்னுமா வேண்டாம் என்கிறார் என்று அவள் எப்போதாவது கேட்பாள். அவன் கெட்டவனுங்க அம்மிணி, விடமாட்டேங்கிறான் என்பீர்கள்.

சொல்ல வாய்ப்பு இல்லாமலா போயிற்று? ஒரே ஜீப்பில் எத்தனை தடவை இறங்கினோம். உங்கள் கண் ஆபரேஷனுக்கு நான்தான் துணைக்கு இருந்தேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தீர்கள். இப்போது சொன்னால் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சொல்லிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் அந்த ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தீர்கள். நான் சிரித்தேன். அந்த நேரமும் போயிற்று.

போன ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நான் ஓரமாகத்தான் நின்றேன். பத்து நாள் கழித்து மறுபடி உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் பெரிய மகன் என்னை உட்காரவைத்துச் சாப்பிட வற்புறுத்தினார். தட்டில் கோழிக்குழம்பு இருந்தது. “அத்தாவால கடைசியில இதெல்லாம் சாப்பிட முடியாமப் போயிருச்சே” என்று உங்களைப் பற்றி அவரிடம் பேச்சுக்குச் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். “அத்தாவுக்கு வெள்ளிக்கிழமைன்னா கோழி இருந்தே ஆவோணுங்க. கண்ண மூடுன வாரம்கூட துண்டு சிறுசா இருக்குதுன்னு அம்மாகூடச் சண்டை” என்றார். டாக்டர் என்று நான் இழுத்தேன். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதைத் தவிர எந்த டாக்டரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை என்றார்.

அந்தச் சோற்றை நான் எப்படிச் சாப்பிட்டு எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. என்னவென்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உங்கள் மகனிடமும் என்னால் சொல்ல முடியவில்லை.

மேலே வந்ததும் நேராக வெள்ளையன் வீட்டுக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கினான். பாய்தான் இப்போது இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு சொன்னான். அன்று சாயங்காலம் பாறைக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்துக்கு அவன் உங்களுக்குத் துணையாக நடந்திருக்கிறான். நாலு கோழியையும் இவ்வளவு சுத்தமாக யார் உரித்தது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தன் கைவேலையைத்தான் மெச்சுகிறீர்கள் என்று அவனுக்குப் பெருமை. அறுத்தது, உரித்தது எல்லாம் நாந்தானுங்க என்றிருக்கிறான். நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்களாம். பஸ்ஸில் ஏறும்போது அவன் தோளில் கை வைத்து ஒன்று சொன்னீர்களாம்.

“நான் கேட்டேன்னு சார்கிட்டச் சொல்லீராத சாமி. அவருக்குச் சங்கடமாயிரும்.”

ஆக, சோறு செரிப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கீழே போய், மூன்று நாள் யோசித்து, எனக்கு வெட்கம் வராதபடி இல்லாத ஒரு டாக்டரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்திருக்கிறீர்கள். நான் உங்களிடம் சொன்னது ஒரு நிமிஷப் பொய். நீங்கள் எனக்காக ஆறு வருஷம் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு இந்த மலையை ஏறி இறங்கினீர்கள். இனிமேல் என் வார்த்தையை நம்பி எந்தக் கோழியையும் தொட முடியாது, நீங்களே அறுக்க உட்கார்ந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வந்துவிடும் என்று ஆகிவிட்டது, ஆனாலும் என் வீட்டை விடவில்லை.

தெரியாமல் சாப்பிட்டவருக்கு அதில் குற்றம் இல்லை என்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், யாரைப் பற்றி என்று சொல்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களைப் பொறுத்தவரை அது ஆறுதல். ஏமாற்றியவனுக்கு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, பாய். மூன்று போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்ட மனுஷன் இதற்கு ஏன் சண்டை போடவில்லை? புதன்கிழமை காலையில் வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாமே. நான் காலில் விழுந்திருப்பேன். அடுத்த வாரமே கொடாப்பில் கோழி இருந்திருக்கும். நீங்கள் காட்டிய தயவு என் வாயை அடைத்துவிட்டது. இப்படி எழுதும்போதே தெரிகிறது, இதிலும் குற்றத்தை உங்கள் பக்கம்தான் தள்ளப் பார்க்கிறேன். விடுங்கள்.

போன சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மகனோடு அவன் அலுவலக நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் சைவம். அவளுக்காகத் தனியாகப் பன்னீரும் குடைமிளகாயும் குச்சியில் கோத்து வைத்திருந்தார்கள். முதலில் கோழி வாட்டினான், பிறகு அடுப்பின் அதே கம்பி மேல் அவளுடையதை வைத்தான். அவள் வந்து, இது கோழி படாத கம்பிதானே என்று கேட்டாள். என் மகன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புது அடுப்புதானே, உனக்குத்தான் முதலில் போட்டது என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவன் கெட்டவன் இல்லை. பசியோடு இருக்கிற பெண் சாப்பிட வேண்டும் என்ற ஆசைதான் அவனுக்கும். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அவள் தட்டை நீட்டினாள். நான் எழுந்து போய், அம்மா, அதில் கோழி வாட்டியிருக்கிறார்கள், நீ சாப்பிடாதே என்றேன். மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு பேர் முன்னால் இப்படியா அப்பா என்று பல்லைக் கடித்தான். மருமகள் என்னவோ சொல்லிச் சமாளித்தாள். என் மனைவி மட்டும் உள்ளே போய் அந்தப் பெண்ணுக்குத் தயிர்ச்சோறு பிசைய ஆரம்பித்தாள். சாப்பாடு கெட்டதுதான். பாட்டுப் போட்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் கிளம்பும்போது மகன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறினான். இன்னும் போன் வரவில்லை.

அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் தனியாக வந்து, பரவாயில்லை அங்கிள், எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்றாள்.

தெரிந்திருக்கும் அம்மா, உனக்குத் தெரிந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.